கம்மல்ஸ்டாட்: கடல் விலகிப்போன ஊரின் ஆலயம்

நீரோடிக்கரை (கேள்வி):
சுவீடனின் வடபகுதியில், லூலியோ நகருக்கு அருகே உள்ள கம்மல்ஸ்டாட் என்னும் ஊரும் அதன் ஆலயமும் 1996-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. 1492-இல் அர்ச்சிக்கப்பட்ட அந்தக் கற்கோயிலைவிடப் பழமையான தேவாலயங்கள் ஐரோப்பாவில் ஏராளமாக இருக்கையில், இதற்கு இத்தனை மதிப்பு ஏன்? மேலும், கடல் விலகியதால் 1649-இல் நகரத்தையே இடம் மாற்றினார்கள் என்கிறார்கள். ஆண்டுதோறும் அலைக்கு வீடுகளைப் பறிகொடுத்து, தூண்டில் வளைவு (அலையைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிக் கட்டும் கல் சுவர்) கேட்டு நிற்கும் எங்கள் கரையில் இருந்துகொண்டு, இதை நம்பவே கடினமாக இருக்கிறது.

களியக்காவிளை வாசகர்:
தம்பி, சிறப்பு ஆலயத்தில் மட்டும் இல்லை. அதைச் சூழ்ந்து நிற்கும் 424 மரவீடுகளில் இருக்கிறது. பங்கின் (அந்த ஆலயத்துக்கு உட்பட்ட ஊர்களின்) எல்லை மிகப் பரந்தது, பாதைகளோ கடினமானவை. ஆகவே ஞாயிறு வழிபாட்டுக்கு வந்து அன்றே வீடு திரும்ப முடியாத விவசாயக் குடும்பங்கள், ஞாயிறுகளிலும் திருநாள்களிலும் தங்குவதற்கென்றே இந்தச் சிறு வீடுகளைக் கட்டிக்கொண்டன. கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் உறவினர் வீட்டில் தங்குவதை நாம் பார்த்திருக்கிறோம். அங்கேயோ, தங்குவதற்கென்றே ஓர் ஊர் எழுந்துவிட்டது. 'ஆலய ஊர்' எனப்படும் இவ்வகைக் குடியிருப்பு வட ஸ்காண்டிநேவியாவுக்கே உரியது. அவற்றுள் மிக நன்றாகக் காக்கப்பட்டிருப்பது இதுவே. (ஆலயத்துக்குள்ளே, இன்றைய பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரில் செதுக்கப்பட்ட பீடச் சிற்பம் ஒன்றும் உண்டு, நாடு கத்தோலிக்கத்தை விட்டு லுத்தரன் என்னும் சீர்திருத்த நெறிக்கு மாறிய பிறகும் அதை அகற்றாமல் வைத்திருந்தது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.)

குளச்சல் துறை:
கடலைப் பற்றிய கேள்விக்கு என் விடை: அங்கே நீர் வற்றவில்லை, நிலம் உயர்கிறது. பனியூழியில் அப்பகுதியை அழுத்திக்கொண்டிருந்த, கிலோமீட்டர் கணக்கில் தடித்த பனிப்பாளம் சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் உருகியதிலிருந்து, சுமை இறங்கிய தரை இன்றுவரை மெல்ல மேலெழுந்து வருகிறது. நூறாண்டுக்கு ஏறக்குறைய 90 செ.மீ. 1621-இல் நகர உரிமை பெற்ற ஊரின் துறைக்கு, முப்பது ஆண்டுகள் முடிவதற்குள்ளேயே கப்பல்கள் வர முடியாத அளவுக்கு ஆழம் குறைந்துவிட்டது. வணிகம் கடலைத் தேடிப் போயிற்று. ஆலயத்துக்கு வருகிறவர்களோ உள்நாட்டு விவசாயிகள். அவர்களுக்குத் துறைமுகம் தேவைப்படவில்லை. அதனால்தான் இந்த இடம் கைவிடப்படாமல் நிலைத்தது என்று கருதுகிறேன். 'கம்மல்ஸ்டாட்' என்றாலே 'பழைய நகரம்' என்றுதான் பொருள்.

நீரோடிக்கரை:
மிக்க நன்றி. அந்த வீடுகளில் இப்போது குடும்பங்கள் நிலையாக வசிக்கின்றனவா?

களியக்காவிளை வாசகர்:
இல்லை, தம்பி. ஆலய விழாக்களை ஒட்டித் தங்குகிறார்கள். நிலையான குடியிருப்பு அங்கே இல்லை.