கண்மாய்ல மீன் ஃபாசில் கிடைக்குமா? ராம்நாடு பக்கம் யாராச்சும் தேடிருக்கீங்களா?

கண்மாய்க்கரையான்:
எல்லாருக்கும் வணக்கம், நமக்கு ஆர்.எஸ்.மங்கலம் பக்கம். அமெரிக்காவுல வயோமிங் மாநிலத்துல காசு கட்டிட்டு குவாரிக்குள்ள போயி கல்லப் பிளந்தா உள்ள முழு மீனு முள்ளு செதிலோட அப்படியே கெடக்குற வீடியோ பாத்தேன், ஒரு காலத்துல பெரிய ஏரி இருந்த எடமாம். அப்ப நம்ம பெரிய கண்மாயும் பழசுதானே, ஆழமாத் தோண்டுனா ஏதாச்சும் சிக்குமா? தூர் வாருன குழியில வெள்ளையா மீன் மாதிரியே ஒரு கல்லு கெடச்சுச்சு, வால் கூட இருக்கு, வீட்ல எல்லாரும் சிரிக்கிறாங்க. இல்ல மண்டபம் பக்கம் கடலோரப் பாறையில தேடலாமா?

சுத்தியல்சாமி:
தம்பி, அது சுக்காங்கல்லா இருக்கத்தான் சான்ஸ் அதிகம். நம்ம மண்ணுல சுண்ணாம்பு உருண்டு திரண்டு கெழங்கு, மீனு, கொரங்குன்னு எல்லா உருவத்துலயும் வரும். வெளி உருவத்த நம்பாதீங்க, நடு முள்ளு, ரெண்டு பக்கமும் வரிசையா விலா முள்ளு தெரியுதான்னு பாருங்க. எலுமிச்சம்பழம் புழிஞ்சா நுரைக்குதே அப்ப ஃபாசில்தான்னு சிலபேரு சொல்லுவாங்க, நுரைச்சா சுண்ணாம்புன்னு மட்டும்தான் அர்த்தம்.

கண்மாய் நூத்துக்கணக்கான வருஷம் பழசு, அவ்வளவுதான். வயோமிங் ஏரி 5 கோடி வருஷத்துக்கும் மேல. அதுபோக நம்ம கண்மாய் கோடையில வத்திரும், மண்ணு வெடிச்சுப் பாளம் பாளமாப் பொளக்கும், மாடு மிதிக்கும், கொக்கு கொத்தும், முள்ளு ஒண்ணோட ஒண்ணு சேந்து இருக்காது. அங்க ஏரியோட அடித்தண்ணியில ஆக்சிஜனே இல்ல, அதனால செத்து விழுந்த மீனத் திங்க அடியில உசுரே கெடையாது. மேல மெல்லிசா சுண்ணாம்புச் சேறு ஏடு ஏடாப் படிஞ்சுகிட்டே வந்துச்சு. அந்த ஏடுதான் முக்கியம், ஏடு இல்லாத கல்லுல முழு மீனு சிக்குறது அபூர்வம்.

பாம்பன்_வலைக்காரன்:
அண்ணன் சொல்றது சரி. கடல்ல வலையில செத்த மீனையே விடியறதுக்குள்ள நண்டு குதறி வச்சிருது, இதுல கோடி வருஷம் எங்க இருக்க.

கீழக்கரை_பயணி:
நான் வேலை விஷயமா வயோமிங்ல இருந்தப்ப கெம்மரர்ங்கிற ஊர்ல இந்தக் கல்லுப் பிளக்குற வேலையப் பண்ணிருக்கேன். பலகைக் கல்லோட ஓரத்துல மெல்லிசான உளிய வச்சு அங்கங்க லேசாத் தட்டணும், ஓங்கி அடிச்சா மீனு நடுவுல ஒடஞ்சுரும். அதிகமாக் கெடைக்கிறது நைட்டியா, நம்ம சாளை, சூடைக்குச் சொந்தக்கார மீனு, வயோமிங்கோட மாநில ஃபாசிலே அதுதான். 18 இஞ்ச் லேயர்னு ஒரு கல்லு அடுக்கு இருக்கு, அதுல மீனு நேரா வெளிய தெரியாது, போர்வைக்குள்ள கால நீட்டிப் படுத்தா தெரியுற மாதிரி புடைப்பாத்தான் இருக்கும். அதனால ராத்திரியில லைட்ட பக்கவாட்டுல சாச்சு அடிச்சு நெழல வச்சுக் கண்டுபிடிப்பாங்க. அப்புறம் ஊசியால சுரண்டி மீன வெளிய எடுக்குறதுக்குள்ள பொறுமை போயிரும். சாதாரண மீன நம்மளே வச்சுக்கலாம், அபூர்வமானது கெடச்சா குவாரிக்காரங்களுக்கு. பக்கத்துலயே ஃபாசில் பியூட்னு அரசாங்கம் பாதுகாக்குற எடம் (நேஷனல் மானுமெண்ட்) இருக்கு, 1972ல அறிவிச்சது, அங்க பாக்கலாம், எடுக்கக் கூடாது.

கண்மாய்க்கரையான்:
சரிண்ணே, கல்லு வாசப்படிக்குப் போயிருச்சு 😀 மண்டபம் பத்தி யாரும் சொல்லலியே?

சுத்தியல்சாமி:
மண்டபம், பாம்பன்ல கரையில நிக்கிறது சில ஆயிரம் வருஷத்துப் பவளப்பாறை, கடல் மட்டம் கொஞ்சம் ஒசந்திருந்தப்ப வளந்தது. சிப்பி, பவளம் பாக்கலாம், முழு மீனு கெடையாது. தயவுசெஞ்சு சுத்தியலோட போயிராதீங்க, பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல வருது, செத்த துண்டா இருந்தாலும் பையில போட்டா கேஸு. தீவுகளெல்லாம் தேசியப் பூங்கா வேற.

இந்தியாவுல ஏரி மீனுதான் வேணும்னா தெலங்கானா, மகாராஷ்டிரா எல்லையில பிராணஹிதா, கோதாவரி ஆத்துப் பக்கம் கோட்டான்னு ஒரு பாறை அடுக்கு, ஜுராசிக் காலத்துச் சுண்ணாம்புக்கல், லெபிடோட்டஸ்னு தடிச்ச செதில் மீனு அங்க கெடச்சதப் பத்தி 19ஆம் நூற்றாண்டுலயே எழுதிட்டாங்க. ஆனா டூரிஸ்ட் போயி தோண்டுற எடம் இல்ல அது. கிட்டக்க பாக்கணும்னா அரியலூர் போங்க, அது ஏரி இல்ல, பழைய கடல், அம்மோனைட்டு (சுருள் ஓடு உள்ள பழங்காலக் கடல் உசுரு), சுறாப்பல்லு எல்லாம் கெடச்ச ஊரு. வாரணவாசியில அருங்காட்சியகம் இருக்கு, மொதல்ல அதப் பாத்துட்டு வாங்க.

பாம்பன்_வலைக்காரன்:
சுறாப்பல்லா? அரியலூர்லயா? எப்ப போறீங்கன்னு சொல்லுங்க தம்பி, தடைக்காலம்னா நானும் வாரேன்.