‘பதேர் பாஞ்சாலி’ காட்சிப் பகுப்பாய்வு: எதைத் தொட்டாலும் கதைச் சுருக்கமாகிறது

விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) இரண்டாம் ஆண்டு. ஒரே ஒரு காட்சியை எடுத்து, அது எப்படிப் பொருள் தருகிறது என்று 1500 சொற்களில் எழுத வேண்டும். அடுத்த வெள்ளிக்குள் கொடுத்தாக வேண்டும். முதல் வரைவைப் பார்த்த பேராசிரியை ஓரத்தில் எழுதியது: “என்ன நடக்கிறது என்று தெரிகிறது, எப்படி என்று காணோம்.”

காட்சி, சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’யில் (1955) வருவது. மகள் இறந்தது தெரியாமல் ஊர் திரும்பும் ஹரிஹர், வாங்கிவந்த பொருட்களை ஒவ்வொன்றாகக் காட்டி, துர்காவுக்கான சேலையை நீட்டுகிறார். மனைவி சர்பஜயா உடைந்து அழுகிறாள். அந்த அழுகுரல் நமக்குக் கேட்பதே இல்லை. அந்த இடத்தில் ரவிசங்கரின் இசையில் தார் ஷெனாய் என்ற, வில்லால் இசைக்கும் தந்தி வாத்தியம் உச்சத்தில் கதறுகிறது. வாய் திறந்திருக்கிறது, குரல் வேறெங்கிருந்தோ வருகிறது. எனக்கு இன்னமும் உடம்பு சிலிர்க்கும் இடம்.

ஷாட் பட்டியல் போட்டாயிற்று. ஒலியை அணைத்தும், படத்தை மறைத்து ஒலியை மட்டும் கேட்டும் பார்த்தேன். அப்புறம் பிரெஞ்சு விமர்சகர் ரோலன் பார்த்தின் நேர்ப்பொருள் (நேரடியாகக் காட்டுவது), குறிப்புப்பொருள் (அது உணர்த்துவது) பிரிவில் பொருத்திப் பார்த்தால் சேலை ‘பாசத்தின் குறியீடு’ என்று வந்து நிற்கிறது. அதை யார்தான் சொல்லமாட்டார்கள்! இசையைப் பற்றி எழுதினாலோ ‘சோகத்தைக் கூட்டுகிறது’ என்பதைத் தாண்ட முடியவில்லை.

இப்படிப் பகுப்பாய்வு எழுதிப் பழகியவர்களிடம் ஒன்றே ஒன்று: கதைக்குள் கேட்க வேண்டிய குரலை எடுத்துவிட்டு வெளியிலிருந்து இசையை வைத்த அந்த ஒரு முடிவை, முழுக் கட்டுரைக்கும் வாதமாக எப்படி வளர்ப்பீர்கள்?