மதன் மோகனின் கஜல்கள்: அந்தத் தேர்ச்சி எங்கிருந்து வந்தது?

கேள்வி:
'அன்பட்' (1962) படத்தில் லதா மங்கேஷ்கர் பாடிய 'ஆப் கி நஜ்ரோன் நே சம்ஜா' பாடலைக் கேட்ட நாளிலிருந்து இசையமைப்பாளர் மதன் மோகனின் இசையைத் தேடித் தேடிக் கேட்டு வருகிறேன். இந்தித் திரையில் கஜலை (உருதுக் கவிதையைப் பாடும் இசை வடிவம்) இவ்வளவு இயல்பாக அமைக்கும் தேர்ச்சி அவருக்கு எங்கிருந்து வந்தது? அவர் வாழ்ந்த காலத்தில் முன்வரிசையில் வைத்துப் பேசப்படாதது ஏன்?

முதல் பதில்:
அவர் நீண்ட குருகுலப் பயிற்சி பெற்றவர் அல்லர். 1924இல் பாக்தாத்தில் பிறந்து, சில காலம் இராணுவத்தில் பணியாற்றிய பின்னர், லக்னோ வானொலி நிலையத்தில் சேர்ந்தார். பேகம் அக்தர், தலத் மஹ்மூத் போன்ற கஜல் பாடகர்களை அருகிலிருந்து கேட்கும் வாய்ப்பு அங்கேதான் கிடைத்தது. மெட்டுக்காக உருதுக் கவிதையின் சொல்லை நசுக்காமல், சொல்லின் ஏற்ற இறக்கத்திலிருந்தே மெட்டை எடுக்கும் வழக்கம் அந்தக் கேள்வி ஞானத்தின் விளைவு என்றே நான் கருதுகிறேன்.

இரண்டாம் பதில்:
கர்நாடக இசை கேட்டுப் பழகியவர்கள் 'தஸ்தக்' (1970) படத்தின் 'பையா நா தரோ' பாடலிலிருந்து தொடங்கலாம். நம் சாருகேசி ராகம் அதில் வேறொரு நடையில் ஒலிப்பதை உடனே உணர்வீர்கள். அப்படத்தின் இசைக்காக அவருக்குத் தேசிய விருது கிடைத்தது. அவருடைய பல பாடல்களில் உஸ்தாத் ரயீஸ் கானின் சிதார், பாடகரின் வரிக்கு மறுமொழி சொல்வதுபோல் வருவதையும் கவனியுங்கள்.

மூன்றாம் பதில்:
இரண்டாவது கேள்விக்கு என் விடை: குறை பாடல்களில் இல்லை, படங்களின் வசூலில்தான் இருந்தது. தலத் மஹ்மூதுக்கு வாய்ப்புகள் குறைந்துவிட்ட நேரத்தில், அவர்தான் பாட வேண்டும் என்று மதன் மோகன் உறுதியாக நின்று உருவாக்கிய 'ஜஹான் ஆரா' (1964) பாடல்கள், படம் ஓடாததால் உரிய காலத்தில் பலரைச் சென்றடையவில்லை. அதே ஆண்டில் அவருடைய இசையில் வெளிவந்த 'வோ கௌன் தி' பரிந்துரைப் பட்டியலில் இடம்பெற்றும், பிலிம்பேர் விருது 'தோஸ்தி' படத்துக்குச் சென்றது. 'வோ கௌன் தி'யில் வரும் 'லக் ஜா கலே' பாடல் இன்று எத்தனை பேரால் பாடப்படுகிறது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் ஆறவில்லை. 1975 ஜூலையில், 51ஆம் வயதில் அவர் மறைந்த பிறகே 'மௌசம்', 'லைலா மஜ்னு' ஆகிய படங்கள் வெளிவந்தன. அவர் பயன்படுத்தாமல் விட்டுச்சென்ற மெட்டுகளை அவருடைய மகன் சஞ்சீவ் கோஹ்லி மீட்டெடுத்து 'வீர் ஸாரா' (2004) படத்திற்குப் பாடல்களாக்கினார். அவற்றில் பலவற்றைப் பாடியவரும் லதாவே.