புதுப்பிப்பு: மடிப்பாக்கம் மொட்டைமாடியில் 3 கிலோவாட் சோலார்

தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழும் மாடியில் சோலார் சரிவருமா என்று கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. போட்டுவிட்டோம்.

கைகொடுத்தது, சாக்பீஸால் நிழலைக் கோடு போட்டுப் பார்க்கச் சொன்ன யோசனைதான். டிசம்பரில் நிழல் நீளம் என்பதால் அப்போதே அளந்து, தொட்டிக்கு வடக்கே இருந்த இடத்தை விட்டுவிட்டோம். தகடுகள் தெற்கு பார்த்து, ஏறக்குறைய 13 டிகிரி சாய்வில் நிற்கின்றன. வடாம் காயப்போட வெயில் போயிற்று என்று அம்மா இன்னும் முறைக்கிறார். இருவழி மீட்டர் (மின்வாரியத்திடம் வாங்கும் மின்சாரம், நாம் திருப்பி அனுப்பும் மின்சாரம் இரண்டையும் அளப்பது) பொருத்திய பிறகு மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வந்தது.

எதிர்பாராதது ஒன்று: உச்சிவெயிலில் மின்தடை வந்தபோது மின்விசிறியும் நின்றுவிட்டது! கம்பியில் வேலை செய்பவருக்கு மின்சாரம் பாயாதிருக்க, பேட்டரி இல்லாத இந்த அமைப்பு தானே அணைந்துவிடுமாம். பழைய இன்வெர்ட்டரை விற்காதது நல்லதாயிற்று.