பொதுத்திரை ஆப்: இரண்டு பேர் ஒரே நேரத்தில் தொட்டால் தாங்கும் டூல்கிட் எது?

நிழற்படம்:
ஒரு கண்காட்சிக் கூடத்தில் 55 அங்குலத் தொடுதிரை வைக்கிறோம். வருகிறவர்கள் பழைய படங்களை இழுத்து, பெரிதாக்கி, திருப்பிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். எனக்கு பைத்தானும் ஜாவாஸ்கிரிப்ட்டும் வரும், சி++ படித்ததோடு சரி. எந்த டூல்கிட்டில் (ஆப் எழுத உதவும் கருவித் தொகுப்பு) செய்வது என்று கேட்டால் யூனிட்டி, கிவி, ஓப்பன்ஃபிரேம்வொர்க்ஸ் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பிரவுசரில் ஒரு மாதிரி செய்து பார்த்தேன். ஒருவர் தொடும்போது சரியாக இருக்கிறது, பக்கத்தில் இன்னொருவர் விரல் வைத்திருந்தால் பட்டன் அசைவதே இல்லை. பிரவுசரை விட்டுவிடலாமா?

கோடுவண்டி:
விடாதீர்கள். நீங்கள் கிளிக் நிகழ்வை (பட்டனை அழுத்தியதாக பிரவுசர் தரும் செய்தி) நம்பியிருப்பீர்கள். திரையில் முதலில் பட்ட விரலைத்தான் பிரவுசர் பிரதானமாக எடுத்துக்கொண்டு மவுஸ் போல நடத்தும், இரண்டாவது விரலுக்கு கிளிக் வரும் என்று எதிர்பார்க்க முடியாது. விரல் படுவது, நகர்வது, எடுப்பதை எல்லாம் பிரவுசர் தனித்தனியாகச் சொல்லும் பாயின்டர் ஈவென்ட்ஸுக்கு மாறுங்கள். அதில் ஒவ்வொரு விரலுக்கும் தனி அடையாள எண் உண்டு, எந்த விரல் எந்தப் படத்தைப் பிடித்திருக்கிறது என்று நீங்களே ஒரு மேப்பில் (எண்ணுக்கு எதிரே படம் என்ற பட்டியல்) வைத்துக்கொண்டால் போதும். சிஎஸ்எஸ்-இல் டச் ஆக்‌ஷனை 'நன்' (none) ஆக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் பாதி இழுப்பில் பிரவுசர் அதை ஸ்க்ரோல் என்று நினைத்துப் பிடுங்கிக்கொள்ளும்.

மலைப்பாம்பு:
பைத்தான் தெரியும் என்கிறீர்கள், கிவியையும் ஒருமுறை பாருங்கள். பல விரல்களை மனதில் வைத்தே எழுதப்பட்டது அது. ஸ்கேட்டர் என்ற விட்ஜெட்டுக்குள் (திரை உறுப்பு) படத்தைப் போட்டால் இழுப்பது, திருப்புவது, பெரிதாக்குவது மூன்றும் கூடவே வந்துவிடும். ஒரே தலைவலி தமிழ் எழுத்து. எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் பாங்கோ என்ற நூலகம் இல்லாமல் ஓட்டினால் ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் உட்காரலாம். படத்துக்குக் கீழே நிறைய தமிழ் எழுதப்போகிறீர்கள் என்றால் பிரவுசர்தான் நிம்மதி.

இரவுக்காவல்:
டூல்கிட் சண்டை இருக்கட்டும், ஆள் இல்லாமல் நாள் முழுக்க ஓடுமா என்று யோசித்தீர்களா? குரோமியம் பிரவுசரை கியோஸ்க் நிலையில் (முழுத்திரையில் ஒரே பக்கம் மட்டும்) ஓட்டினாலும் திரை ஓரத்திலிருந்து விரலை இழுத்தால் இயங்குதளத்தின் மெனு எட்டிப்பார்க்கலாம், அதைத் தனியாக அடைக்க வேண்டும். ஆப் விழுந்தால் தானாக எழுப்ப லினக்ஸில் நிரல்களைத் தொடங்கிக் கவனிக்கும் சிஸ்டம்டி போதும். அப்புறம், ஓரத்தைச் சுற்றி அகச்சிவப்புக் கதிரால் விரலை அறியும் சட்டகம் வைத்த திரையா என்று பாருங்கள். அதில் விரல் கண்ணாடியைத் தொடும் முன்பே தொட்டதாகப் பதிவாகும், தொங்கும் சட்டைக் கை கூட ஒரு விரல்தான்!

ஒளிவட்டம்:
கேமரா வைத்து உடல் அசைவைப் பிடிப்பதென்றால் ஓப்பன்ஃபிரேம்வொர்க்ஸ், டச்டிசைனர் பக்கம் போகலாம். தொட்டுப் படம் பார்க்க அதெல்லாம் எதற்கு? யூனிட்டியும் இதற்கு அதிகம். ஒன்று மட்டும்: திரை சும்மா இருக்கும்போது படம் அசையாமல் நின்றால் போஸ்டர் என்று நினைத்து ஆட்கள் கடந்து போய்விடுவார்கள்.

நிழற்படம்:
பாயின்டர் ஈவென்ட்ஸுக்கு மாற்றினேன், இரண்டு பேரும் தொட முடிகிறது, நன்றி. ஒருவர் கிளம்பிவிட்டார், மற்றவர் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றால் எப்போது ரீசெட் செய்வது?

கோடுவண்டி:
முழுத்திரைக்கு ஒரே டைமர் வைக்காதீர்கள். படத்துக்குப் படம் தனி டைமர். யாரும் தொடாத படம் மட்டும் மெல்லத் தன் இடத்துக்குத் திரும்பட்டும், எல்லாம் திரும்பிய பிறகு முகப்புக்குப் போகலாம்.