கலைச்சொல்: தைராய்டு மிகையால் (தைராய்டு அளவுக்கு மேல் சுரப்பதால்) வரும் மனமாற்றங்களுக்கு என்ன பெயர்?

ஐயாவுக்கு வணக்கம். நீங்கள் முன்வைத்த சொல்:

> ‘தைராய்டுச் சித்தப்பிரமை’ என்றால் ஒரே சொல்லாக நிற்கும். பாடநூலிலும் எடுபடும்.

இது மட்டும் வேண்டாம் ஐயா. சித்தப்பிரமை அளவுக்குப் போகிறவர்கள் மிகச் சிலர். உசிலம்பட்டிப் பக்கமிருந்து எங்கள் கிளினிக்குக்கு வருகிறவர்கள் சொல்வதெல்லாம் படபடப்பு, எரிச்சல், தூக்கமின்மை, காரணமில்லாத அழுகை. போன மார்கழியில் ஒரு பெண்ணை அவருடைய மாமியார் கூட்டி வந்தார். “எதுக்கெடுத்தாலும் வள்ளுன்னு விழுறா, இந்தப் பனியிலயும் புழுங்குதுன்னு திண்ணையில போய்ப் படுக்கிறா” என்றார். கோடாங்கியிடம் குறி கேட்டுக் கயிறும் கட்டியாயிற்று. இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டும் ரவிக்கை தொளதொளத்துக் கிடந்தது. கையை நீட்டச் சொல்லி விரல்மேல் ஒரு தாளை வைத்தால், தாள் நிற்காமல் ஆடுகிறது. ரத்தப் பரிசோதனையில் தைராய்டைத் தூண்டும் டிஎஸ்எச் அடிமட்டத்தில், தைராய்டு சுரக்கும் டி4 எக்கச்சக்கம்; அதாவது தைராய்டு மிகை. சுரப்பைக் குறைக்கக் கார்பிமசோலும், படபடப்பு அடங்கப் புரோப்ரனலாலும் கொடுத்தார்கள். சில வாரங்களில் தூக்கம் வந்தது, மாமியாரோடு முகம் கொடுத்துப் பேச்சும் வந்தது. இப்படிப்பட்டவர் கையில் ‘பிரமை’ என்று எழுதிய சீட்டைக் கொடுத்து அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

‘தைராய்டு மனக்கொந்தளிப்பு’ என்று அம்மா ஒருவர் எழுதியிருந்தார். இளவயதினருக்குச் சரி. முதியவர்களில் சிலர் நேர்மாறாகப் பேச்சுக் குறைந்து, எதிலும் நாட்டமில்லாமல் மூலையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். பார்த்தால் மனச்சோர்வு என்றே தோன்றும். பாஸ்டன் அறுவை மருத்துவர் லேஹி 1931இல் இந்த வகையைத் தனியாக எடுத்து எழுதினார். இதை ‘அடங்கிய தைராய்டு மிகை’ எனலாம்.

தைராய்டுக்குக் ‘கேடயச் சுரப்பி’ அழகான சொல்தான். ஆனால் ஊரில் எல்லோரும் தைராய்டு என்றே சொல்கிறார்கள். அதுவும் குறைவானாலும் கூடினாலும் “தைராய்டு இருக்கு” என்ற ஒரே பேச்சுதான். அதனால் ‘மிகை’ விடுபடக் கூடாது. என் பரிந்துரை: ‘தைராய்டு மிகை உளக்குறிகள்’. நொடிக்கொரு மனநிலை மாறுவதற்கு ‘மனத்தளும்பல்’.

—

தம்பி,

‘மனத்தளும்பல்’ நன்று, அப்படியே வைத்துக்கொள்ளலாம். ஆனால் ‘குறி’ என்றதும் நம் பக்கத்தில் கோடாங்கி உடுக்கடித்துச் சொல்கிற குறிதானே நினைவுக்கு வரும்? நீங்கள் எழுதிய குடும்பத்துக்கே அப்படித்தான் கேட்கும். ‘உள அறிகுறிகள்’ என்று விரித்துவிடுங்கள், ஒரு சீர் கூடினால் குடிமுழுகிப் போகாது. அப்புறம் ஒன்று: சுரப்பு அளவுக்கு வந்த பிறகும் சிலருக்குப் பதற்றம் மாதக்கணக்கில் விடுவதில்லையே, அப்போதும் இதே பெயரா?

—

ஐயா,

‘தைராய்டு மிகை உள அறிகுறிகள்’ என்றே போடுகிறேன். அளவு சரியான பிறகும் நீடிப்பதை ‘எஞ்சிய உள அறிகுறிகள்’ என்று பிரித்துவிடலாம். அந்த நிலையில் இருப்பவர்களை மனநல மருத்துவரும் சேர்ந்து பார்க்க வேண்டும், ஆகவே தனிப்பெயர் இருப்பது நல்லது. இந்தச் சொற்கள் இடம்பெறும் துண்டறிக்கை திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. வேறு மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதுங்கள்.