இளைஞர்கள் திரண்டு வந்திருந்தால் 2024 முடிவு மாறியிருக்குமா?

மிச்சிகன் மலர்:

வேறொரு இழையில் ஒருவர், "அமெரிக்க இளைஞர்கள் ஓட்டுப் போட்டாலும் ஒன்றுதான், போடாவிட்டாலும் ஒன்றுதான்" என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டார். அங்கே பேசினால் பேச்சு திசை மாறும் என்பதால் இங்கே தனியாகத் தொடங்குகிறேன்.

2024 அதிபர் தேர்தலில் 18 முதல் 24 வயது வரையுள்ள குடிமக்களில் வாக்களித்தவர்கள் பாதிக்கும் சற்றுக் குறைவு. 65 வயதைத் தாண்டியவர்களில் நான்கில் மூன்று பேர் வாக்களித்தார்கள். விஸ்கான்சினில் டிரம்ப் ஜெயித்தது சுமார் 29 ஆயிரம் வாக்குகளில், மிச்சிகனில் சுமார் 80 ஆயிரத்தில், பென்சில்வேனியாவில் சுமார் 1 லட்சத்து 20 ஆயிரத்தில். இந்த மூன்று மாநிலங்களும் கமலா ஹாரிஸ் பக்கம் போயிருந்தால் அவருக்கு, அதிபராகத் தேவையான 270 தேர்வாளர் வாக்குகள் (மாநிலவாரியாகக் கிடைப்பவை) சரியாக வந்திருக்கும். மூன்றிலும் அன்று வாக்குச்சாவடிப் பக்கமே வராத இளைஞர்களின் எண்ணிக்கை இந்த வித்தியாசங்களைவிடப் பல மடங்கு அதிகம். இதற்கு மேல் என்ன நிரூபணம் வேண்டும்?

கணக்குப்பிள்ளை:

அந்த "ஒருவர்" நான்தான். எங்கும் போய்விடவில்லை, தூங்கப் போனேன்.

மலர், நீங்கள் சொன்ன மூன்று எண்களையுமே எடுத்துக்கொள்வோம். வராத இளைஞர்கள் வந்திருந்தால் எல்லாரும் ஹாரிஸுக்கே குத்தியிருப்பார்கள் என்று யார் சொன்னது? 2024 எக்ஸிட் போலில் 30 வயதுக்குட்பட்டவர்களில் ஹாரிஸுக்கு 54 சதவீதம், டிரம்புக்கு 43. அதாவது புதிதாக 100 இளைஞர்கள் வந்தால் ஹாரிஸுக்கு நிகர லாபம் 11 ஓட்டு. விஸ்கான்சினைப் புரட்ட 2 லட்சத்து 70 ஆயிரம் பேர் கூடுதலாக வர வேண்டும். பென்சில்வேனியாவுக்கு ஏறக்குறைய 11 லட்சம் பேர்.

இது ஹாரிஸுக்குச் சாதகமான கணக்கு. அசோசியேட்டட் பிரஸ் நடத்திய ஆய்வில் அதே வயதினரிடம் 51-47தான். நூற்றுக்கு 4 ஓட்டு லாபம். அப்படிப் பார்த்தால் பென்சில்வேனியாவில் கூடுதலாக 30 லட்சம் இளைஞர்கள் வேண்டும். அந்த மாநிலத்தின் மொத்த மக்கள்தொகையே சுமார் 1 கோடியே 30 லட்சம். எங்கே போய்ப் பிடித்து வருவது?

இன்னொன்று. 2024இல் எல்லா வயதிலும் வாக்களிக்காதவர்களைப் பியூ ஆய்வு நிறுவனம் விசாரித்தது. வந்திருந்தால் டிரம்புக்குத்தான் என்றவர்கள் 44 சதவீதம், ஹாரிஸுக்கு என்றவர்கள் 40. வராதவர்கள் எல்லாரும் நம்மவர்கள் என்று ஹாரிஸின் ஜனநாயகக் கட்சிக்காரர்கள் நம்பிக்கொண்டிருந்த காலம் போய்விட்டது.

பெருசு:

கணக்குப்பிள்ளை சொல்வதற்கு ஒரு பழைய சாட்சி இருக்கிறது. வாக்களிக்கும் வயது 21இலிருந்து 18க்கு இறங்கியது 1971இல், அரசியல் சட்டத்தின் 26ஆவது திருத்தத்தின் மூலம். வியட்நாமுக்குப் போய்ச் சாக 18 வயது போதும், ஓட்டுப் போட மட்டும் 21 வேண்டுமா என்ற கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அனுப்பிய திருத்தத்தை ஜூலை 1க்குள் போதுமான மாநிலங்கள் ஏற்றுவிட்டன. வேறு எந்தத் திருத்தமும் இவ்வளவு வேகமாக நிறைவேறியதில்லை. (இந்தியாவில் இதே வேலையை 61ஆவது திருத்தம் செய்தது. அது நடந்தது 80களின் கடைசியில்தான்.)

அடுத்த ஆண்டே அதிபர் தேர்தல். போரை எதிர்த்த ஜனநாயகக் கட்சி வேட்பாளர் மெக்கவர்ன் புதிய இளைஞர் ஓட்டைத்தான் மலைபோல் நம்பியிருந்தார். நடந்தது என்ன? நிக்சன் 49 மாநிலங்களை வாரிக்கொண்டு போனார். மெக்கவர்னுக்குக் கிடைத்தவை மாசசூசெட்சும் தலைநகர் வாஷிங்டனும் மட்டுமே. இளைஞர்களிலேயே ஏறக்குறைய பாதிப்பேர் நிக்சனுக்குப் போட்டார்கள். கல்லூரி வளாகத்தில் கோஷம் போடுகிறவர்தான் இளைஞர் என்று தொலைக்காட்சி காட்டியது. தொழிற்சாலைக்கும் பண்ணைக்கும் போய்க்கொண்டிருந்த இளைஞர்களை அது காட்டவில்லை.

2020லும் இதே கதைதான். புதிய இளைஞர் கூட்டத்தைத் தேர்தலுக்குள் இழுத்து வருவேன் என்பதே, ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் தேர்வில் நின்ற பெர்னி சாண்டர்ஸின் வியூகம். வந்த இளைஞர்கள் அவருக்கே போட்டார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை என்று மார்ச்சில் அவரே வெளிப்படையாகச் சொன்னார்.

ஹூஸ்டன் குமரன்:

எனக்கு 20 வயது, கல்லூரியில் படிக்கிறேன். என் தமிழைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கே எல்லாரும் எங்களைப் பற்றிப் பேசுகிறீர்கள், எங்களில் ஒருவரிடமும் கேட்கவில்லை.

"வரவில்லை" என்று சொல்வது சுலபம், அங்கிள். டெக்சாஸில் தேர்தலுக்கு 30 நாள் முன்னாலேயே பெயர் பதிந்திருக்க வேண்டும். ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது தவிர, இணையத்தில் பதிய வழி கிடையாது. காகிதத்தை அச்சிட்டு, கையெழுத்துப் போட்டு, தபாலில் அனுப்ப வேண்டும். என் வகுப்பில் தபால்தலை எப்படி இருக்கும் என்றே தெரியாதவர்கள் இருக்கிறார்கள், சிரிக்காதீர்கள். நாங்கள் வருடத்துக்கு ஒருமுறை அறை மாறுகிறவர்கள். வேறு கவுண்டிக்கு (நம்மூர் மாவட்டம் மாதிரி) போனால் மறுபடியும் பதிய வேண்டும். வாக்குச்சாவடியில் காட்டுகிற அடையாள அட்டைப் பட்டியலில் கைத்துப்பாக்கி உரிமம் இருக்கிறது, மாநிலப் பல்கலைக்கழகத்தின் மாணவர் அட்டை இல்லை. இதை யாரை மனதில் வைத்துச் செய்தார்கள்?

இது இன்று நேற்று வந்ததுமில்லை. ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் வாலர் கவுண்டியில் பிரெய்ரி வியூ என்ற கறுப்பினப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே படிக்கிறவர்கள் அந்த ஊர்க்காரர்களே இல்லை என்று சொல்லி, தனிக் கேள்வித்தாள் கொடுத்துத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 1979இல் உச்ச நீதிமன்றம் வரை போன பிறகுதான், படிக்கிற ஊரில் ஓட்டுப் போடும் உரிமை மாணவர்களுக்கு உறுதியானது. எங்கள் ஓட்டால் எதுவும் மாறாது என்றால் அதைத் தடுக்க எதற்கு இவ்வளவு சிரமப்படுகிறார்கள்?

மிச்சிகன் மலர்:

குமரன், உங்கள் தமிழ் எங்கள் பலருடைய தமிழைவிட நன்றாக இருக்கிறது.

அந்தக் கடைசிக் கேள்விக்குக் கணக்குப்பிள்ளை பதில் சொல்லட்டும். அதற்குள் எங்கள் மாநிலத்தைப் பற்றி ஒன்று. 2018இல் மிச்சிகன் மக்கள் ஒரு பொதுவாக்கெடுப்பின் மூலம் தேர்தல் நாளன்றே பெயர் பதியும் முறையைக் கொண்டுவந்தார்கள். 2022 நவம்பரில் கருக்கலைப்பு உரிமை வாக்குச்சீட்டில் இருந்தது. ஆன் ஆர்பரில் பல்கலைக்கழக மாணவர்கள் பதிவுக்காகக் குளிரில் வரிசையில் நின்றார்கள், நள்ளிரவு தாண்டியும் வரிசை தீரவில்லை. அந்தத் தேர்தலில் ஆளுநர் பதவி, மாநில மேலவை, கீழவை மூன்றும் ஏறக்குறைய 40 ஆண்டுகளுக்குப் பிறகு ஜனநாயகக் கட்சியிடம் ஒருசேர வந்தன.

இன்னும் பின்னால் போங்கள். 2014 இடைக்காலத் தேர்தலில் (அதிபரின் பதவிக்காலத்துக்கு நடுவில் வருவது) 18 முதல் 29 வயது வரை உள்ளவர்களில் 20 சதவீதம் பேர்தான் வாக்களித்தார்கள். 2018இல் அது 36 ஆனது. பார்க்லாந்து பள்ளியில் 17 பேர் சுட்டுக்கொல்லப்பட்ட ஆண்டு அது. அந்தப் பிள்ளைகளே தெருவில் இறங்கினார்கள். பிரதிநிதிகள் சபையில் சுமார் 40 இடங்கள் ஜனநாயகக் கட்சிக்குக் கைமாறின. அதுவும் தற்செயலா?

கணக்குப்பிள்ளை:

தற்செயல் இல்லை. ஆனால் இளைஞர்களால் மட்டும் நடந்ததும் இல்லை. 2014க்கும் 2018க்கும் இடையில் எல்லா வயதினரும் சேர்ந்து 42இலிருந்து 53 சதவீதத்துக்கு ஏறினார்கள். 65 தாண்டியவர்கள் 66 சதவீதம் வந்தார்கள். 36 சதவீதத்தைக் கொண்டாடும்போது அந்த 66ஐ மறந்துவிடுகிறோம்.

குமரன் தம்பி, டெக்சாஸில் அவ்வளவு தடை வைப்பது அநியாயம். அந்தச் சட்டங்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் தடையை நீக்கினால் ஒரு கட்சி ஜெயித்துவிடும் என்பதைத்தான் ஏற்க மாட்டேன். விஸ்கான்சினில் தேர்தல் நாளன்றே பதியலாம், 70களிலிருந்தே அந்த வசதி இருக்கிறது. டிரம்ப் அங்கே 2016லும் ஜெயித்தார், 2024லும் ஜெயித்தார். அயோவாவில் அதே வசதி, டிரம்ப் மூன்று முறையும் ஜெயித்தார். வயோமிங்கில்கூட உண்டு, அங்கே ஜனநாயகக் கட்சியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

எதற்குத் தடுக்கிறார்கள் என்று கேட்டீர்கள். அரசியல்வாதிகளும் உங்களைப் போலவே இளைஞர் என்றால் ஒரே மாதிரி ஓட்டு என்று நம்புகிறார்கள், அதனால்தான். 2024இல் இளம் ஆண்களில் பெரும்பான்மை டிரம்புக்கு, இளம் பெண்களில் பெரும்பான்மை ஹாரிஸுக்கு. ஒரே வகுப்பில் படித்தவர்கள்தான். இளம் ஆண்கள் விரும்பிக் கேட்கும் ஜோ ரோகனின் பாட்காஸ்ட் நிகழ்ச்சியில் டிரம்ப் மணிக்கணக்கில் உட்கார்ந்து பேசியது யாருக்காக என்று நினைக்கிறீர்கள்?

பெருசு:

அந்த இளைஞர்கள் பார்த்தது வீட்டு வாடகையையும் மளிகை விலையையும். என் மருமகனின் நண்பர்கள் அத்தனை பேரும் அதைத்தான் பேசினார்கள்.

தாமரை_சி:

படித்துக்கொண்டே வந்தேன். இரண்டு பக்கமும் வருகை சதவீதத்தையே பிடித்துத் தொங்குகிறீர்கள். 2008ஐயும் 2012ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், விஷயம் வேறு மாதிரி தெரியும்.

2008இல் ஒபாமாவுக்கு 30 வயதுக்குட்பட்டவர்களில் 66 சதவீதம் கிடைத்தது, எதிர்த்து நின்ற மெக்கெய்னுக்கு 32. இளைஞர் அலை என்றாலே எல்லாரும் அந்த ஆண்டைத்தான் சொல்வார்கள். ஆனால் அன்று ஒரு இளைஞர்கூட வாக்களிக்காமல் இருந்திருந்தாலும் ஒபாமாதான் அதிபர். எக்ஸிட் போலை வைத்துக் கணக்குப் போட்டவர்கள், இந்தியானாவும் வட கரோலினாவும் மட்டுமே கை மாறியிருக்கும் என்றார்கள்.

2012இல் உற்சாகம் வடிந்துவிட்டது. இளைஞர்களிடம் ஒபாமாவின் பங்கு 60க்கு இறங்கியது. யாரும் அலை என்று எழுதவில்லை. ஆனால் அந்த முறை இளைஞர்கள் இல்லையென்றால் புளோரிடா, ஒஹாயோ, பென்சில்வேனியா, வர்ஜீனியா நான்கும் எதிர்த்து நின்ற ராம்னிக்குப் போயிருக்கும். 29, 18, 20, 13, ஆக 80 தேர்வாளர் வாக்குகள். ஒபாமாவின் 332இல் 80 போனால் 252. தோல்வி.

இளைஞர்கள் ஆரவாரமாக வந்த ஆண்டில் அவர்கள் இல்லாமலே ஜெயித்திருப்பார். சோர்ந்து வந்த ஆண்டில் அவர்கள்தான் காப்பாற்றினார்கள். காரணம் எளிது. 2012இல் 30 தாண்டியவர்களிடம் போட்டி நெருங்கிவிட்டது. மற்றவர்கள் எவ்வளவு நெருக்கமாகப் பிரிந்து நிற்கிறார்கள் என்பதுதான் இளைஞர் ஓட்டின் எடையைத் தீர்மானிக்கிறது. 2020இல் பைடன் ஜார்ஜியாவில் ஜெயித்தது 11,779 ஓட்டில், அரிசோனாவில் 10,457 ஓட்டில். அந்த மாதிரி இடத்தில் எந்தச் சிறு கூட்டமும் "நாங்கள்தான் தீர்மானித்தோம்" என்று சொல்லலாம், பொய்யாகாது.

அப்புறம், எங்கே வசிக்கிறார்கள் என்பதும் இருக்கிறது. பல்கலைக்கழக ஊரான பெர்க்லியில் இளைஞர் வருகை இரட்டிப்பானாலும் கலிபோர்னியாவின் 54 தேர்வாளர் வாக்குகள் 55 ஆகப் போவதில்லை.

மிச்சிகன் மலர்:

தாமரை, இதை ஏற்கிறேன். ஆனால் கணக்குப்பிள்ளையின் நூற்றுக்கு 11 என்ற கணக்கை இது உடைக்கிறது என்பதையும் சொல்லுங்கள். 2020இல் பைடனுக்கு இளைஞர்களிடம் 60-36. அதே விகிதத்தில் புதியவர்கள் வந்தால் நூற்றுக்கு 24 லாபம், விஸ்கான்சினுக்கு 1 லட்சத்து 20 ஆயிரம் பேர் போதும். 2020இல் வந்து 2024இல் வராமல் போனவர்கள் யார்? காசா விவகாரத்தில் பைடன் மீது கோபித்துக்கொண்ட மாணவர்களை எங்கள் ஊர் வளாகத்திலேயே பார்த்தேன். அவர்கள் டிரம்புக்குப் போடப் போகிறவர்கள் இல்லை. வராதவர்களின் விகிதமும் வந்தவர்களின் விகிதமும் ஒன்றே என்று எப்படி எடுத்துக்கொள்கிறீர்கள்?

கணக்குப்பிள்ளை:

கோபித்துக்கொண்டவர்கள் மலரின் கண்ணில் படுவார்கள், ஏனென்றால் அவர்கள் வளாகத்தில் கூடாரம் போட்டார்கள். கல்லூரிக்கே போகாத 22 வயதுப் பையன் யார் கண்ணிலும் பட மாட்டான். இளைஞர்களில் குறைவாக வாக்களிப்பது அவன்தான். அவனை அழைத்து வந்தால் யாருக்குப் போடுவான்?

ஹூஸ்டன் குமரன்:

யாருக்குப் போட்டால் என்ன, அங்கிள்? யார் ஜெயிப்பார் என்பதை விட்டுவிட்டு, ஜெயித்தவர் யாருக்குப் பயப்படுகிறார் என்று பாருங்கள். முதியோர் ஓய்வூதியமான சோஷியல் செக்யூரிட்டியிலும் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேரிலும் கை வைப்பேன் என்று எந்த வேட்பாளராவது மேடையில் சொல்வாரா? 65 தாண்டியவர்கள் வந்து நிற்பார்கள் என்று தெரியும். எங்கள் கல்விக் கடனை ரத்து செய்யும் திட்டத்தை பைடன் 2022 ஆகஸ்டில் அறிவித்தார், நவம்பரில் இடைக்காலத் தேர்தல். அடுத்த ஜூனில் உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கி எறிந்தது. மெடிகேரை அப்படி ரத்து செய்திருந்தால் நாடு என்ன ஆகியிருக்கும்?

பெருசு:

இதில் நான் தம்பி பக்கம். நானே மெடிகேரில் இருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

ஒரு கேள்வி. என் பேத்திக்கு அடுத்த மாதம் 18 வயதாகிறது, டாலஸில் இருக்கிறாள். பிறந்தநாள் வரை காத்திருக்க வேண்டுமா?

ஹூஸ்டன் குமரன்:

வேண்டாம், தாத்தா. டெக்சாஸில் 17 வயது 10 மாதம் ஆனாலே விண்ணப்பிக்கலாம். நூலகத்தில் படிவம் கிடைக்கும். 30 நாள் கெடுவை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:

குமரன் சொன்னது நல்ல வாதம்தான், ஆனால் மலரின் முதல் பதிவு 2024 முடிவைப் பற்றியது. 2024இல் வருகையைவிட விகிதம் மாறியதுதான் பெரிய அடி என்ற என் நிலையில் மாற்றமில்லை. 60-36லிருந்து 54-43க்கு இறங்கியதை எந்த வருகையும் ஈடுகட்டியிருக்காது.

மிச்சிகன் மலர்:

நியூயார்க்கில் 2025 நவம்பரில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் மம்தானி ஜெயித்தாரே, 1969க்குப் பிறகு முதல்முறையாக மேயர் தேர்தலில் 20 லட்சத்துக்கு மேல் ஓட்டு விழுந்ததே. வருகையும் விகிதமும் சேர்ந்தே ஏறும் என்பதற்கு அது போதாதா?

கணக்குப்பிள்ளை:

ஜனநாயகக் கட்சியின் கோட்டையில் நடந்த தேர்தலைக் காட்டி பென்சில்வேனியாவைப் பற்றிப் பேசுகிறீர்கள். அதற்குத் தனி இழை தொடங்குங்கள், வருகிறேன்.